ஓர் ஊரை எப்படி எண்ணுவது? வாசகர் கேள்வி – பதில்

இந்த மாதத் தபாலில் ஊரின் பரப்பு, உயரம், சனத்தொகை பற்றிய கடிதங்களே அதிகம். கொட்டகலை வாசகியின் கேள்வி அமெரிக்காவில் தொடங்கினாலும் வந்து நிற்பது லயத்து (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீட்டு) வாசலில். அதனால் அதையே முதலில் எடுத்துக்கொள்கிறோம்.

கேள்வி: என் பேரன் அமெரிக்காவில் இல்லினோய் மாநிலத்தில் படிக்கிறார். பக்கத்துக் கிராமம் ஒன்றின் வாசலில் நாட்டியிருந்த பச்சைப் பலகையைப் படம் பிடித்து அனுப்பினார். ஊர்ப் பெயருக்குக் கீழே ‘சனத்தொகை 214’ என்று இருக்கிறது. அந்த 214 பேருக்கும் ஒரு சபை, ஒரு தலைவர் உண்டாம். எங்கள் தோட்டத்தில் கீழ்ப்பிரிவில் மட்டும் அறுநூறு பேர். அப்படியானால் நாங்கள் கிராமம் இல்லையா?
– வாசகி, கொட்டகலை

பதில்: அங்கே ‘வில்லேஜ்’ என்பது உள்ளூராட்சி அமைப்பு ஒன்றின் சட்டப் பெயர். எல்லை வரைந்து, மாநிலச் சட்டத்தின் கீழ் பதிந்து, வரி அறவிட்டு, தண்ணீரும் தெருவிளக்கும் பார்த்துக்கொள்ள ஒரு சபை இருந்தால் 214 பேரும் வில்லேஜ்தான். பதியாமல் விட்டால் ஆயிரம் பேர் குடியிருந்தாலும் அது இடப்பெயர் மட்டுமே. அப்படிப்பட்ட இடங்களுக்குக் கணக்கெடுப்புப் பணியகம் தன் தேவைக்கு ஓர் எல்லையைப் போட்டுக்கொண்டு எண்ணை வெளியிடும்; சபை இராது.

மத்திய மேற்கு என்று அந்தப் பணியகம் சொல்வது 12 மாநிலங்களை: ஒஹாயோ, இந்தியானா, இல்லினோய், மிச்சிகன், விஸ்கொன்சின், மினசோட்டா, அயோவா, மிசூரி, வட டகோட்டா, தென் டகோட்டா, நெப்ராஸ்கா, கன்சாஸ். ஒவ்வொன்றிலும் விதி வேறு. ஒஹாயோவில் 5,000 பேரை எட்டினால் வில்லேஜ் நகரமாகிவிடும். அயோவாவில் வில்லேஜ் என்ற வகையே கிடையாது. ஐம்பது பேர் உள்ள ஊரும் பதிவானதென்றால் ‘சிட்டி’. நெப்ராஸ்காவில் வில்லேஜாகப் பதிய 100 முதல் 800 பேர் வேண்டும். ஆனால் பதிந்த பிறகு ஆள் குறைந்தால் பதவி தானாகப் போய்விடாது. அந்த மாநிலத்தின் மொனோவை என்ற ஊரில் 2010 கணக்கெடுப்பில் ஒரே ஒருவர்தான். இன்றும் அது வில்லேஜ்.

அதே மொனோவைக்கு 2020 கணக்கெடுப்பில் ‘2’ என்று வந்தது. யாரும் குடிவரவில்லை. சிறிய இடங்களில் தனியாட்களை அடையாளம் கண்டுவிடக் கூடாது என்பதற்காகப் பணியகம் எண்களில் வேண்டுமென்றே சிறு சலனத்தைக் கலக்கிறது. மாநில மொத்தத்தில் கலப்பதில்லை. ஊர் மட்டத்தில் கலக்கும். பத்து இருபது பேர் உள்ள ஊரின் எண்ணை அப்படியே நம்பினால் இதுதான் நேரும்.

பலகையில் உள்ள 214ஐப் பொறுத்தவரை, வழக்கமாக அது கடைசிக் கணக்கெடுப்பின் எண். அங்கே பத்து ஆண்டுக்கு ஒரு தடவை, ஏப்ரல் 1ஆம் திகதியைக் கணக்கு நாளாக வைத்து எண்ணுகிறார்கள். நடுவில் நான்கு குடும்பம் கிளம்பிப் போனாலும் பலகை மாறாது.

இனி உங்கள் கேள்வி. நம் நிர்வாகத்தில் தோட்டமோ, அதன் மேற்பிரிவு, கீழ்ப்பிரிவோ ஓர் அலகே இல்லை. அரசாங்கத்தின் கடைசிப் படி கிராம உத்தியோகத்தர் பிரிவு. நாடு முழுவதும் இவை 14,000க்கு மேல். ஒரு தோட்டம் இரண்டு மூன்று கிராம உத்தியோகத்தர் பிரிவுகளில் சிதறிக் கிடக்கும். ஒரே பிரிவுக்குள் மூன்று தோட்டங்களும் அடங்கும். சபை என்று பார்த்தால் பிரதேச சபை. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டம் தோட்டக் குடியிருப்புகளில் சபைப் பணம் செலவாவதற்கு முட்டுக்கட்டை போட்டிருந்தது, 2018இல்தான் திருத்தினார்கள். அதே ஆண்டில் நுவரெலியா, அம்பகமுவ என்ற இரண்டு பெரிய பிரதேச சபைகள் ஆறாக உடைந்தன: நுவரெலியா, கொட்டகலை, அக்கரப்பத்தனை, அம்பகமுவ, நோர்வூட், மஸ்கெலியா. அதற்கு முன் இரண்டு சபைகளும் ஒவ்வொன்றும் ஏறத்தாழ இரண்டு இலட்சம் பேரைச் சுமந்தன. 214 பேருக்கு ஒரு சபை அங்கே. இரண்டு இலட்சம் பேருக்கு ஒரு சபை இங்கே. கேட்டது நியாயமான கேள்வி.

கிராமமா என்றால், புள்ளிவிபரத்தில் இல்லை. தொகைமதிப்பு, புள்ளிவிபரத் திணைக்களம் நாட்டை நகரம், கிராமம், தோட்டம் என்று மூன்று துறையாகப் பிரிக்கிறது. 20 ஏக்கருக்குக் குறையாத, குடியிருக்கும் தொழிலாளர் பத்துப் பேருக்குக் குறையாத பெருந்தோட்டம் என்றால் தோட்டத்துறை. மாநகர சபை, நகர சபை எல்லைக்குள் இருப்பது நகரத்துறை. மிச்சமெல்லாம் கிராமத்துறை. இதனால் வரும் வேடிக்கை உங்கள் ஊரிலேயே உண்டு: கடைவீதி, பஸ் தரிப்பிடம், ரயில் நிலையம் எல்லாம் உள்ள கொட்டகலை ‘நகரம்’ அல்ல, ஏனென்றால் அது பிரதேச சபைக்குள். நகர சபை இருப்பதால் ஹட்டன் நகரம். 2012 கணக்கில் நாட்டு மக்களில் 4.4 வீதம் தோட்டத்துறை. நுவரெலியா மாவட்டத்தில் மட்டும் பாதிக்கு மேல்.

கேள்வி: மாணவர்களுக்கு ஓர் ஒப்பீடு தயாரிக்கிறேன். அமெரிக்கக் கிராமத்தின் பரப்பு 0.25 சதுர மைல், அடர்த்தி 856 என்று இருக்கிறது. நுவரெலியா மாவட்டத்தின் அடர்த்தி 2012இல் 409 அளவில். அந்தக் குக்கிராமம் எங்களைவிட இரண்டு மடங்கு நெருக்கமா? நம்ப முடியவில்லை.
– ஆசிரியர், மஸ்கெலியா

பதில்: நம்பாதது சரி. இரண்டு கோளாறுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருக்கின்றன.

முதலாவது அலகு. 214ஐ 0.25ஆல் வகுத்தால் 856. அது ஒரு சதுர மைலுக்கு. ஒரு சதுர மைல் 2.59 சதுர கிலோமீற்றர், அல்லது 640 ஏக்கர், அல்லது 259 ஹெக்டேயர். 856ஐ 2.59ஆல் வகுத்தால் 330. நுவரெலியா மாவட்டத்தின் 7,11,644 பேரை 1,741 சதுர கிலோமீற்றரால் வகுத்தால் 409. இப்போதே வரிசை தலைகீழாகிவிட்டது. அமெரிக்கர்கள் நீர்ப்பரப்பைக் கழித்து நிலத்துக்கு மட்டுமே அடர்த்தி பார்ப்பார்கள் என்பதையும் கவனியுங்கள். மாவட்டத்தில் காசல்ரீ, மவுசாக்கலை, கொத்மலை என்று நீர்த்தேக்கங்கள் உண்டு. இரண்டு பக்கமும் நிலப்பரப்பை எடுங்கள், அல்லது இரண்டு பக்கமும் மொத்தப் பரப்பை எடுங்கள்.

இரண்டாவது கோளாறு எல்லை, அதுதான் பெரியது. அங்கே வில்லேஜ் எல்லை வீடுகளைச் சுற்றி இறுக்கமாக வரையப்பட்டிருக்கும். சோளக் காணி எல்லைக்கு வெளியே. கட்டைச் சுற்றிக் கயிறு கட்டியது போல: உள்ளே வீடு, தேவாலயம், தபாலகம், தானியக் களஞ்சியம், அவ்வளவுதான். நம் மாவட்ட எல்லைக்குள்ளோ தேயிலை மலை, காடு, பத்தனைப் புல்வெளி, பள்ளத்தாக்கு எல்லாம் சேர்ந்திருக்கிறது. கயிற்றைத் தளர்த்தினால் அடர்த்தி குறையும், இறுக்கினால் கூடும். மக்கள் அங்கேயேதான் இருக்கிறார்கள்.

மாணவர்களுக்கு ஒரு கணக்கைச் செய்து காட்டுங்கள். ஒரு தோட்டப் பிரிவு 150 ஹெக்டேயர், 600 பேர் என்று வையுங்கள். 150 ஹெக்டேயர் 1.5 சதுர கிலோமீற்றர், அடர்த்தி 400. இனி தேயிலையை விட்டுவிட்டு லயங்கள், கோயில், பிள்ளைக் காம்பரா (குழந்தைக் காப்பகம்), பாடசாலை நிற்கும் இடத்தை மட்டும் எடுங்கள். 3 ஹெக்டேயர் என்று வைப்போம். 600ஐ 0.03ஆல் வகுத்தால் 20,000. அதே மக்கள், அதே நாள்.

இன்னும் கிட்டப் போனால், பழைய லயத்துக் காம்பரா ஒன்றின் அளவு பொதுவாக 10 அடிக்கு 12 அடி, அதாவது 120 சதுர அடி. ஐந்து பேர் என்றால் ஆளுக்கு 24. ஒரு பாய் விரிக்க மூன்றுக்கு ஆறு, 18 சதுர அடி போய்விடும். மிச்சம் ஆறு சதுர அடியில்தான் பெட்டி, பாத்திரம், புத்தகப்பை எல்லாம். முதுகோடு முதுகு ஒட்டிய இரட்டை லயமாக இருந்தால் பின்சுவரில் சன்னலும் வைக்க முடியாது. சதுர கிலோமீற்றர் அடர்த்தி இதைக் காட்டவே காட்டாது. ‘ஓர் அறைக்கு எத்தனை பேர்’ என்ற அட்டவணைதான் காட்டும். ஒப்பீடு செய்வதானால் அதைச் செய்யுங்கள் என்பதே எங்கள் யோசனை.

மலைக்கே உரிய ஒரு விடயத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள். வரைபடத்தில் உள்ள பரப்பு தட்டையான பரப்பு. 30 பாகை சரிவில் நிற்கும் தேயிலை மலையின் மேற்பரப்பு, வரைபடப் பரப்பைவிட 15 வீதம் கூட. 45 பாகை என்றால் 41 வீதம். இல்லினோயில் இந்த வித்தியாசம் பூச்சியத்துக்குப் பக்கம். கொழுந்து எடுப்பவரின் கால்களுக்குத் தெரிந்த இந்தப் பரப்பு காணி வரைபடத்தில் வருவதில்லை.

கேள்வி: விமானப் படங்களில் அமெரிக்க வயல்கள் சதுரம் சதுரமாக, ரோடு கோடு போட்டது போல இருக்கிறதே. யார் கோடு போட்டது?
– உயர்தர மாணவன், பசறை

பதில்: 1785ஆம் ஆண்டின் நிலச் சட்டம். ஆள் குடியேறுவதற்கு முன்பே நில அளவையாளர்கள் சங்கிலியோடு போய்க் கோடு போட்டார்கள். 6 மைலுக்கு 6 மைல் சதுரம் ஒரு டவுன்ஷிப். அதற்குள் 36 செக்ஷன், ஒவ்வொன்றும் ஒரு சதுர மைல், 640 ஏக்கர். இலக்கமிடுவது வடகிழக்கு மூலையில் 1இல் தொடங்கி மேற்கே 6 வரை, அதன் கீழே 7இல் தொடங்கிக் கிழக்கே 12 வரை, ஏர் மாடு திரும்புவது போல வளைந்து வளைந்து தென்கிழக்கு மூலையில் 36இல் முடியும். 16ஆம் செக்ஷன் பள்ளிக்கூடத்துக்கென்று ஒதுக்கப்பட்டது. செக்ஷனில் கால்வாசி 160 ஏக்கர். 1862இன் குடியேற்றச் சட்டம் ஒரு குடும்பத்துக்குக் கொடுத்ததும் அந்த அளவுதான். (நம் ஏக்கரில் 160 பேர்ச். எண் ஒற்றுமை மட்டுமே, ஆனால் நினைவில் நிற்கும்.)

செக்ஷன் கோட்டிலேயே ரோடு போட்டதால் ஒவ்வொரு மைலுக்கும் ஒரு சந்தி. ஆனாலும் நேராகப் போகும் ரோடு திடீரென்று ஓர் இடத்தில் வலது பக்கம் திரும்பி, சற்றுத் தூரத்தில் மறுபடி இடது பக்கம் திரும்பும். அளந்தவரின் தவறு இல்லை. பூமி உருண்டை, வடக்குத் தெற்குக் கோடுகள் வடக்கே போகப் போக ஒன்றையொன்று நெருங்கும். சரியான சதுரத்தைத் தொடர முடியாது. ஆகவே குறிப்பிட்ட தூரத்துக்கு ஒரு முறை கோட்டைத் திருத்தித் தொடங்கினார்கள். அந்த இடத்தில்தான் ரோடு முறியும்.

நம் ரோடு முறிவதற்குக் காரணம் சரிவு. ரயிலும் லொறியும் செங்குத்தாக ஏறாது, உயரக்கோட்டை ஒட்டி மலையைச் சுற்றி வர வேண்டும். தெமோதரையில் ரயில் பாதை வளைந்து வந்து, நிலையத்துக்குக் கீழேயே சுரங்கத்தால் போவது இதன் உச்சம். சமவெளியில் தூரத்தை மைல் சந்திகளை எண்ணியே சொல்லிவிடலாம். இங்கே எதிர்மலையில் கண்ணுக்குத் தெரியும் லயத்துக்கு ரோட்டால் போக ஆறு கிலோமீற்றர் இருக்கும், குறுக்குப் பாதையால் அரை மணி நேரம் ஆகும். ஆகவே திட்ட அறிக்கையில் தூரத்தை எழுதும்போது எந்த வழியால் என்றும் எழுதுங்கள்.

கேள்வி: ஒரு கிராமத்துத் தரவில் ‘வீட்டுத்துறை 92, குடும்பம் 58’ என்று வருகிறது. 34 வீட்டில் குடும்பமே இல்லையா?
– வாசகர், தலவாக்கலை

பதில்: அமெரிக்கக் கணக்கில் பிறப்பாலோ, திருமணத்தாலோ, தத்தெடுப்பாலோ உறவான இரண்டு பேராவது சேர்ந்திருந்தால்தான் ‘குடும்பம்’. தனியாக வாழும் மூதாட்டி ஒரு வீட்டுத்துறை, குடும்பம் இல்லை. உறவில்லாத இரண்டு நண்பர்கள் ஒரே வீட்டில் இருந்தாலும் அப்படியே. வயதானவர்கள் தனித்து வாழும் கிராமங்களில் இந்த இடைவெளி பெரிதாக இருக்கும். ஆக 34 வீடுகளிலும் ஆள் உண்டு, பெரும்பாலும் ஒருவர். பூட்டிக் கிடக்கும் வீடுகள் வேறு. அவை ‘வீட்டலகு’ என்ற எண்ணிக்கையில்தான் வரும்.

நம் நாட்டில் வீட்டுத்துறையைத் தீர்மானிப்பது சமையல். சேர்ந்து குடியிருந்து, ஒரே உலையில் பொங்கிச் சாப்பிடுகிறவர்கள் ஒரு வீட்டுத்துறை. லயத்தில் இது கட்டாயம் குழப்பும். ஒரே காம்பராவில் பெற்றோர் உள்ளே, கலியாணம் முடித்த மகன் இஸ்தோப்பை (முன் விறாந்தையை) அடைத்து வெளியே. கேட்க வேண்டியது ‘எத்தனை குடும்பம்’ என்றல்ல, ‘எத்தனை அடுப்பு’ என்று. இரண்டு அடுப்பு, இரண்டு அரிசி என்றால் ஒரு வீட்டலகு, இரண்டு வீட்டுத்துறை. கதவை எண்ணிக்கொண்டு போகிறவர் இரண்டாவது குடும்பத்தை விட்டுவிடுவார். குடும்ப அட்டையை எண்ணுகிறவர் கூட எண்ணிவிடுவார்.

யாரைச் சேர்ப்பது என்பதில் அங்கேயும் சிக்கல் உண்டு. வழமையாகத் தூங்கி எழும் இடம் எதுவோ அங்கேதான் எண்ணுவார்கள். விடுதியில் தங்கிப் படிக்கும் பிள்ளை பல்கலைக்கழக ஊரில் எண்ணப்படும். சிறைக்கைதி சிறைச்சாலை இருக்கும் ஊரில். ஒரு சிறிய கிராமத்தின் சனத்தொகை திடீரென்று இரட்டித்து, ஆண்கள் மட்டும் அதிகமாகத் தெரிந்தால் எல்லைக்குள் சிறைச்சாலை இருக்கிறதா என்று பாருங்கள்.

இன்னும் ஒன்று. அங்கே வருமானம், கல்வி, மொழி போன்ற விபரங்களைப் பத்தாண்டுக் கணக்கெடுப்பில் இப்போது கேட்பதில்லை. ஆண்டுதோறும் எடுக்கும் மாதிரி ஆய்விலிருந்து வருகின்றன. சிறிய ஊர்களுக்கு ஐந்தாண்டுத் தரவைச் சேர்த்துத்தான் தருவார்கள். பக்கத்திலேயே ‘கூட்டு – குறை’ வழு எல்லை போட்டிருக்கும். 200 பேர் உள்ள ஊரில் அந்த வழு எண்ணில் மூன்றிலொரு பங்குக்கும் போகலாம். அதைப் பார்க்காமல் ‘வறுமை 12 வீதத்திலிருந்து 18 வீதத்துக்கு உயர்ந்தது’ என்று எழுதினால் உண்மையில் மாறியது மாதிரியில் விழுந்த இரண்டு வீடாக இருக்கும்.

கேள்வி: எங்கள் தோட்டத்தின் புவியியலும் சனத்தொகையும் பற்றி ஒப்படை எழுத வேண்டும். எங்கே தொடங்குவது? கைபேசியில் உயரம் பார்த்தால் ஹட்டனில் 1,180 மீற்றர் என்கிறது. 1,271 என்று படித்திருக்கிறோமே.
– மாணவி, டிக்கோயா

பதில்: உயரத்தை முதலில் முடிப்போம். கைபேசி பழுதில்லை. செய்மதிக் கருவி அளப்பது பூமியின் கணித வடிவமான நீள்கோளத்திலிருந்து உயரத்தை. நாங்கள் சொல்வது கடல் மட்டத்திலிருந்து. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் உலகத்தில் மிக அதிகமாக இருக்கும் இடங்களில் ஒன்று இலங்கையைச் சுற்றிய கடல். புவியீர்ப்பு குறைவான இந்தப் பகுதியில் கடல் மட்டமே நீள்கோளத்துக்கு 90, 100 மீற்றர் கீழே கிடக்கிறது. சில செயலிகள் இதைத் திருத்திக் காட்டும், சில அப்படியே காட்டும். உங்களுடையது இரண்டாவது வகை. இல்லினோயில் இதே கோளாறு 30 மீற்றர் அளவோடு நின்றுவிடும். ஆகவே உயரம் தெரிந்த ஓர் இடத்தில், முக்கியமாக உயரம் எழுதிய ரயில் நிலையப் பலகைக்குப் பக்கத்தில், ஒருமுறை பார்த்து வித்தியாசத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு லயத்தில் பார்க்கும் எண்ணோடு அதைக் கூட்டுங்கள். திறந்த வெளியில் ஐந்து நிமிடம் நின்று பாருங்கள். தகரக் கூரைக்குள் பார்த்தால் எண் குதிக்கும்.

நில அளவைத் திணைக்களத்தின் 1:50,000 வரைபடத் தாளில் சமவுயரக் கோடு 20 மீற்றருக்கு ஒன்று. பெரிய லயமும் கோயிலும் ரோட்டு வளைவும் தாளில் தெரியும் என்பதால் இடத்தைப் பிடிப்பது கஷ்டமில்லை. பரப்பு எடுக்க: தாளில் 2 சென்றிமீற்றர் ஒரு கிலோமீற்றர், ஆகவே ஒரு சதுர சென்றிமீற்றர் 25 ஹெக்டேயர். எல்லையை மெல்லிய தாளில் படியெடுத்து மில்லிமீற்றர்த் தாளின் மேல் வையுங்கள். முழுச் சதுரங்களை எண்ணி, பாதிக்கு மேல் உள்ளவற்றை ஒன்றாக எடுத்து, பாதிக்குக் குறைந்ததை விட்டுவிடுங்கள். ஒவ்வொரு மில்லிமீற்றர்ச் சதுரமும் கால் ஹெக்டேயர். பென்சிலைச் சீவுங்கள்: அரை மில்லிமீற்றர்த் தடிப்புக் கோடு நிலத்தில் 25 மீற்றர்.

எல்லையை எங்கே எடுப்பது என்பதில்தான் ஒப்படைகள் கவிழ்கின்றன. பரப்பைத் தோட்டக் காரியாலயத்திலும் சனத்தொகையைக் கிராம உத்தியோகத்தரிடமும் வாங்கி ஒன்றையொன்று வகுப்பார்கள். இரண்டும் வெவ்வேறு எல்லை. ஒன்றைத் தீர்மானித்து இரண்டையும் அதற்கே எடுங்கள். தோட்டப் பிரிவு என்று முடிவு செய்தால் சனத்தொகையை நீங்களே லயம் லயமாகப் போய் எண்ணுவதுதான் சுத்தம். அறுநூறு பேரை நாலு பிள்ளைகள் இரண்டு பின்னேரத்தில் எண்ணலாம். பெரட்டு (வேலைக்கு ஆள் கூடும்) நேரத்தில் போகாதீர்கள், வீட்டில் ஆள் இராது. ஞாயிறு காலை நல்லது. ஒவ்வொரு லயத்துக்கும் ஒரு தாள், ஒவ்வொரு அடுப்புக்கும் ஒரு வரி: ஆண், பெண், 15க்குக் கீழ், 15 முதல் 59, 60க்கு மேல், தோட்டத்தில் பேர் பதிந்தவர், வெளியே வேலை செய்து இரவு திரும்புகிறவர், கொழும்பிலோ வெளிநாட்டிலோ தங்கியிருப்பவர். கடைசிப் பெட்டியைக் கூட்டுத்தொகையில் சேர்க்காமல் தனியே காட்டுங்கள். ‘மகன் கொழும்பில் கடையில் நிற்கிறார், தீபாவளிக்கு வருவார்’ என்றால் அவர் தீபாவளிக்கு வருகிறவர்தான், குடியிருப்பவர் அல்ல.

பிறகு இரண்டு இடத்தில் சரிபாருங்கள். மருத்துவ மாதுவின் பதிவில் கர்ப்பிணிகளும் ஐந்து வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளும் துல்லியமாக இருக்கும். வாக்காளர் இடாப்பில் 18க்கு மேற்பட்டவர்கள் மட்டும்; அதிலும் ஊரை விட்டுப் போனவர்களின் பெயர் நின்றுகொண்டிருக்கும். தோட்டச் செக்ரோலைச் சனத்தொகையாக எடுக்கவே எடுக்காதீர்கள். அது பேர் போட்டு வேலை செய்கிறவர்களின் கணக்கு. ஓய்வுபெற்றவர்களும் பிள்ளைகளும் அதில் இல்லை, பக்கத்துக் கிராமத்திலிருந்து வேலைக்கு வருகிறவர் இருப்பார்.

மழையைப் பற்றி எழுதும்போது உங்கள் மலை எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதை முதலில் எழுதுங்கள். வட்டவளை, டிக்கோயா, மஸ்கெலியாப் பக்கம் மே முதல் செப்ரெம்பர் வரை தென்மேல் பருவமழை. அதே மாதங்களில் மலைத்தொடருக்கு அப்பால் ஊவாப் பக்கம் கச்சான் காற்றும் வரட்சியும். ‘மலைநாட்டில் தென்மேல் பருவத்தில் மழை’ என்று ஒரே வரியில் எழுதினால் பதுளை மாணவர்கள் சிரிப்பார்கள்.

கேள்வி: அமெரிக்கக் கிராமங்களும் காலியாகின்றன, எங்கள் லயங்களும் காலியாகின்றன. காரணம் ஒன்றுதானா?
– வாசகர், பூண்டுலோயா

பதில்: தொடக்கமே வேறு. ஒரு சதுர மைல் சோள நிலம் அன்று 160 ஏக்கராகப் பிரிந்து நாலு குடும்பத்தைத் தாங்கியது. அதே சதுர மைல் தேயிலையாக இருந்தால் பழைய தோட்டக் கணக்கு ஏக்கருக்கு ஓர் ஆள். 640 ஏக்கருக்கு அறுநூறு தொழிலாளர், அவர்களுடைய குடும்பம் வேறு. கொழுந்தை ஏழெட்டு நாளுக்கு ஒரு தடவை சுற்றி வந்து கையால் எடுக்க வேண்டும். சோளத்தை ஆண்டுக்கு ஒரு தடவை இயந்திரம் வெட்டும்.

அந்த இயந்திரம்தான் அங்கே ஊரைக் கரைத்தது. அமெரிக்காவில் பண்ணைகளின் எண்ணிக்கை 1935இல் உச்சம், சுமார் 68 இலட்சம். 2022இல் 19 இலட்சம். சராசரிப் பண்ணை 463 ஏக்கர். மூன்று குடும்பத்தின் நிலத்தை ஒரு குடும்பம் உழுதால் கடைக்கு ஆள் இல்லை, பள்ளிக்கூடத்தை அடுத்த ஊரோடு சேர்ப்பார்கள், பிறகு தபாலகம். நிலம் விளைந்துகொண்டுதான் இருக்கிறது. விளைச்சலுக்கு ஊர் தேவைப்படவில்லை.

இங்கே பெரிய வீழ்ச்சி ஒப்பந்தத்தால் வந்தது. 1971 தொகைமதிப்பில் ‘இந்தியத் தமிழர்’ சுமார் 11 இலட்சத்து 75 ஆயிரம். 1981இல் 8 இலட்சத்து 19 ஆயிரம். 1964இன் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியா ஏற்கவும் 3,00,000 பேரை இலங்கை ஏற்கவும் எண்ணைப் பேசி முடித்தது. மிச்சமிருந்த ஒன்றரை இலட்சத்தை 1974இல் பாதி பாதியாகப் பிரித்தார்கள். வன்னிக்குப் போனவர்களும், பதிவில் ‘இலங்கைத் தமிழர்’ என்று எழுதிக்கொண்டவர்களும் அந்தக் குறைவுக்குள் அடங்குவர். ஆகவே அந்த எண்ணைப் பிறப்பு, இறப்புக் கணக்கால் விளக்க முடியாது. 2012இல் 8 இலட்சத்து 40 ஆயிரம்.

இன்று நடப்பது மூன்றாவது வகை. லயத்தில் ஆள் இருக்கிறார், மலையில் இல்லை. குடியிருப்பு தோட்டத்தில், சம்பளம் வெளியே. அமெரிக்கக் கிராமத்தில் வேலை போனது, ஆள் பின்னால் போனார். இங்கே ஆள் வேலையை விட்டுவிட்டு வீட்டைப் பிடித்துக்கொண்டிருக்கிறார், ஏனென்றால் காணி உறுதி கையில் இல்லாதவர் விற்றுவிட்டும் போக முடியாது. தோட்டத்தில் வேலையாட்கள் குறைந்த வேகத்தில் சனத்தொகை குறையாததற்குக் காரணம் இதுதான் என்பது எங்கள் கணிப்பு.

கேள்வி: அமெரிக்காவில் எங்கள் அளவு உயரமான கிராமம் மத்திய மேற்கில் உண்டா?
– வாசகர், ஹப்புத்தளை

பதில்: இல்லினோயில் இல்லவே இல்லை. அந்த மாநிலத்தின் மிக உயர்ந்த இடம் 376 மீற்றர்; கண்டி வாவிக்கரையே அதைவிட உயரம். அயோவாவின் உச்சி சுமார் 509 மீற்றர். ஹப்புத்தளை 1,431. நெப்ராஸ்கா, தென் டகோட்டா மாநிலங்களின் மேற்கு ஓரத்துக்குப் போனால்தான் உங்கள் உயரம் வரும். ஆனால் குளிரை உயரத்தை வைத்துக் கணக்கிடாதீர்கள். இங்கே ஆயிரம் மீற்றர் ஏறினால் ஏறத்தாழ 6.5 பாகை குறையும். அங்கே 40 பாகை வடக்கில், பெருங்கடலின் தணிப்பு எட்டாத உள்நாட்டில், தட்டை நிலத்திலேயே சனவரியில் உறைநிலைக்கு 20 பாகை கீழே போகும்.

கேள்வி: படிவங்களில் ஊர் என்ற இடத்தில் தோட்டத்தின் தமிழ்ப் பெயரா, ஆங்கிலப் பெயரா, கிராம உத்தியோகத்தர் பிரிவின் பெயரா?
– வாசகி, இராகலை

பதில்: மூன்றும் வேறு வேறு பெயராக இருப்பது மலையகத்தில் சாதாரணம். அரச படிவத்தில் கிராம உத்தியோகத்தர் பிரிவின் பெயரையும் இலக்கத்தையும் எழுதுங்கள். பெயர் இரண்டு இடத்துக்கு இருக்கலாம், இலக்கம் காப்பாற்றும். தபால் முகவரியில் தோட்டத்தின் பதிவுப் பெயர், பிரிவு, லய இலக்கம், கதவு இலக்கம், கடைசியாகத் தபாலகம். தபாலகத்தின் பெயரை ஊர் என்று எடுத்துக்கொள்வது அமெரிக்காவிலும் நடக்கும் தவறு: வில்லேஜின் தபால் பெயர் அதன் எல்லைக்கு வெளியே பல மைல் தூரத்துப் பண்ணைகளுக்கும் செல்லும், அங்கே வாழ்பவர் பலகையில் உள்ள 214க்குள் இல்லை. லயத்துக்கு இலக்கம் போடப்படாவிட்டால் தோட்ட நலன்புரி உத்தியோகத்தரிடம் எழுத்தில் கேளுங்கள்; ‘கோயிலுக்குக் கீழ் லயம்’ என்பது தபால்காரர் மாறும் வரைக்கும்தான் செல்லும்.